தத்துக் கொடுத்த தாயிடம் துயர் தங்கிவிடும் விதம்

பிரசவத்தின்போது நச்சுக்கொடி கருப்பையைவிட்டு வெளியேறியதும் தாயின் குருதியில் புரோஜெஸ்தரோன் ஓமோனின் அளவு சடுதியாக வீழ்கிறது. கர்ப்பகாலம் முழுவதும் புரோலக்டின் ஓமோனின் வேலையைத் தடுத்துவைத்திருந்தது இந்தப் புரோஜெஸ்தரோன்தான். தடை நீங்கவே, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மார்பில் பால் நிறையத் தொடங்குகிறது. பிள்ளை வாய் வைத்ததா இல்லையா என்பதை இந்தத் தொடக்கம் பார்ப்பதில்லை. ஆகவே, பெற்ற பிள்ளையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்க உடன்பட்டுவிட்டுக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு வைத்தியசாலையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் பெண்ணுக்கும், பிள்ளையை மடியில் ஏந்தித் திரும்பும் பெண்ணுக்கும் ஒரே விதமாகவே பால் கட்டுகிறது. முதல் நாளிலேயே கபர்கோலின் மாத்திரை கொடுத்தால் சுரப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கொடுக்காதபோது, உறிஞ்சப்படாமல் தேங்கும் பாலே சுரப்பிகளுக்கு வேலையை நிறுத்தும்படி உணர்த்துகிறது. அது அடங்கும்வரை மார்பு கல்லாக இறுகி வலிக்கும். பாலை வெளியே தள்ளும் ஒட்சிடோசின் ஓமோன் பிள்ளையின் அழுகுரலுக்கும் அசையக்கூடியது என்பதால், அந்த நாட்களில் பேருந்தில் யாரோ ஒருவரின் குழந்தை அழுதாலும் அவளுடைய சட்டை நனையக்கூடும்.

வன்னியில் பிள்ளைப்பேறு நடந்த வீட்டில் இந்த நாட்கள் நிறைய வேலை உள்ள நாட்கள். சரக்குக் கறியும் பத்தியச் சாப்பாடும் ஆகும், இலை அவித்த வெந்நீரில் தாயைக் குளிப்பாட்டுவார்கள், 31 ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். செத்த வீட்டிலும் எட்டு உண்டு, 31 ஆம் நாள் அந்தியேட்டி உண்டு. வந்த உயிரானாலும் போன உயிரானாலும் ஒரு மாதம் சுற்றம் கூடி நின்று அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒழுங்கு இங்கே இருக்கிறது. பிள்ளையைக் கொடுத்தவளுக்கு இந்த இரண்டில் எதுவும் நடப்பதில்லை. பெரும்பாலும் அவள் திருமணமாகாதவளாகவோ, கணவனை இழந்தவளாகவோ, ஏற்கெனவே உள்ள பிள்ளைகளுக்கே சோறு போட வழியற்றவளாகவோ இருப்பாள். பிரசவமே அயலுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். அவளிடம் சொல்லப்படுவதெல்லாம் ஒரு வாக்கியம்தான்: “இன்னொண்டு பிறந்தால் எல்லாம் மறந்து போகும், பிள்ளை.” அன்போடு சொல்லப்படும் இந்த வாக்கியம் அறிவியலின்படி ஏன் பிழைக்கிறது என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

உடலிலிருந்தே தொடங்கலாம். கர்ப்பம் தாயின் மூளையை மாற்றுகிறது. எல்செலின் ஹூக்செமாவும் சக ஆய்வாளர்களும் 2016 இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், முதற்பிள்ளை பெற்ற பெண்களின் மூளையைக் கருத்தரிக்கும் முன்பும் பிரசவத்தின் பின்பும் காந்த அதிர்வுப் படங்களாக எடுத்து ஒப்பிட்டார்கள். பிறருடைய மனத்தை உணர்ந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் கனவளவு குறைந்திருந்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்த மாற்றம் நிலைத்தது. இதை இழப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. வளரிளம் பருவத்தில் நடப்பது போன்ற ஒரு சீரமைப்பு என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2024 இல் ஒரே பெண்ணைக் கருத்தரிப்புக்கு முன்னிருந்து பிரசவத்துக்கு இரண்டு ஆண்டுகள் பின்வரை 26 தடவைகள் படமெடுத்த இன்னோர் ஆய்வு, இந்த மாற்றம் கர்ப்பத்தின் வாரங்களோடு சேர்ந்தே நடந்துவருவதைக் காட்டியது. ஒரு பெண் தாயாக ஆவதற்கான மூளை ஆயத்தம் பிள்ளை பிறக்கும் முன்பே பெருமளவு முடிந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். பிரசவத்துக்குப் பின்னர் இடப்படும் கையெழுத்தால் அந்த ஆயத்தத்தைப் பின்னோக்கித் திருப்ப இயலாது.

டயானா பியாங்கியின் குழு 1996 இல் கண்டறிந்த ஒன்றையும் இங்கே பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆண் பிள்ளை பெற்ற பெண்களின் குருதியில், வை நிறமூர்த்தம் கொண்ட கலங்கள், அதாவது அந்தப் பிள்ளையிலிருந்து வந்த கலங்கள், பிரசவத்துக்கு 27 ஆண்டுகளின் பின்னரும் இருந்தன. கேட்பவர் மனத்தைத் தொடும் செய்திதான். ஆனால் அந்தக் கலங்கள் நினைவையோ ஏக்கத்தையோ சுமக்கின்றன என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. தாயின் துயரை விளக்க இதைப் பயன்படுத்துவது கவிதையாகலாம், அறிவியலாகாது.

உடலின் மாற்றங்கள் முதல் மாதங்களை விளக்கும். 20, 30 ஆண்டுகளை விளக்க வேறொன்று தேவைப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, இறப்பினால் வரும் துயருக்கும் அவர்களுடைய துயருக்கும் அடிப்படை வேறுபாடு இருப்பதைக் கவனித்தார். ஒருவர் இறந்தால், அவர் வருவார் என்று எதிர்பார்த்துப் பழகிய மூளை, வராத ஒவ்வொரு நாளிலிருந்தும் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்லத் தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தத்துக்கு உடலும் ஈமச்சடங்கும் சாட்சியங்களாக உதவுகின்றன. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாதபோது திருத்திக்கொள்ள ஓர் உறுதியான தரவு கிடைப்பதில்லை. நம்பிக்கையும் கைவிடலும் மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். உடலால் விலகியிருந்தும் மனத்தில் நீங்காதிருக்கும் ஒருவரைப் பற்றிய இந்தத் துயரைத் தெளிவற்ற இழப்பு என்று அவர் வரையறுத்தார்.

வன்னி வாசகருக்கு இதை விளக்க அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அமர்ந்தபோது, அங்கே இருந்த அம்மாக்களிடம் பொஸ் எழுதியது முழுவதும் இருந்தது. மரணச் சான்றிதழை ஏற்க மறுப்பது பிடிவாதம் போல வெளியாருக்குத் தோன்றலாம். சான்று இல்லாத ஒரு முடிவை மூளை ஏற்க மறுப்பதே அதன் உட்பொருள். பிள்ளையைத் தத்துக் கொடுத்தவளின் நிலையும் இதே பொறிமுறையின்படியே இயங்குகிறது. அவளுடைய பிள்ளை உயிரோடு எங்கோ வளர்கிறது. பசி தீர்ந்ததா, பள்ளிக்கூடம் போகிறதா, தன்னை வெறுக்கிறதா என்பது மட்டும் தெரியாது. இறந்த பிள்ளை நினைவில் வயதேறாமல் நிற்கும். கொடுத்த பிள்ளைக்கு ஆண்டுதோறும் வயது ஏறுகிறது, அதனால் நினைவூட்டும் தூண்டல்களும் ஆண்டுதோறும் புதிதாகின்றன. ஐந்தாம் வயதில் வெள்ளைச் சீருடை, பத்தாம் வயதில் புலமைப்பரிசில் பெறுபேறு, பிறகு அந்த வயதுப் பெண்ணுக்கு அயலில் நடக்கும் சாமத்தியச் சடங்கு. காலம் போகப்போகத் துயர் தேயும் என்ற பொதுக் கணக்கு இவளிடம் தலைகீழாவது இதனால்தான்.

ஓரிடத்தில் மட்டும் இந்த இரு தாய்மாரும் வேறுபடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் நிற்கிறாள், ஊர் அவளோடு நிற்கிறது. பிள்ளையைக் கொடுத்தவளிடம் பெரும்பாலும் படமே இல்லை. இருந்தாலும் காட்ட முடியாது. சமூகம் துயர் என்று ஏற்க மறுக்கும் துயரை, உரிமை மறுக்கப்பட்ட துயர் என்று கென்னத் டோகா 1989 இல் விவரித்தார். ‘நீயாகத்தானே கொடுத்தாய்’ என்ற ஒரு சொல்லிலேயே அந்த மறுப்பு முழுமையடைந்துவிடுகிறது. போருக்குப் பின்னான வன்னியில் தனியாளின் மனம் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருப்பதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு உளவடு என்று விளக்கியிருக்கிறார். ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய உறவுவலையே அறுந்திருக்கும் இடத்தில், இவ்வளவு பெரிய இரகசியத்தை அவள் யாரிடம் இறக்கிவைப்பாள் என்று தெரியவில்லை.

இரகசியத்துக்கென்றும் ஒரு பொறிமுறை உண்டு. டானியல் வெக்னர் 1987 இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் கூறப்பட்டது. மணி ஒலித்துக்கொண்டேயிருந்தது. அதைவிட முக்கியமானது அதன் பின் நடந்தது: தடை நீக்கப்பட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களே கரடியைக் கூடுதலாக நினைத்தார்கள். ஒரு நினைவை அடக்குவதற்கு, அது வருகிறதா என்று மனம் இடைவிடாமல் காவல் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே நினைவை விழித்திருக்க வைக்கிறது. ‘மறந்துவிடு’ என்ற அறிவுரை மறதிக்கு எதிராக வேலை செய்வது இவ்வாறே.

இன்னொரு பிள்ளை பிறக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கர்ப்பவதிச் சிகிச்சை நிலையத்துக்கு முதல்முறை போகும் நாளில் கேட்கப்படும் முதற் கேள்விகளில் ஒன்று, இது எத்தனையாவது கர்ப்பம் என்பது. அருகில் கணவனோ மாமியாரோ இருப்பார்கள். முதலாவது என்று அவள் பொய் சொன்னால் மனத்துக்கு வரும் பாரம் ஒருபுறமிருக்க, மருத்துவ ஆபத்தும் வரக்கூடும்: அவளுடைய குருதி ஆர்எச் எதிர் வகையாக இருந்து, முந்திய பிரசவத்தில் பிள்ளையின் ஆர்எச் நேர்க் குருதி கலந்திருந்தால், இந்தப் பிள்ளையைத் தாக்கக்கூடிய பிறபொருளெதிரிகள் அவளிடம் ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். ஆகவே குடும்பநல உத்தியோகத்தர் இந்தக் கேள்வியைத் தாயிடம் தனியாக ஒருமுறை கேட்பது மிகச் சிறிய, ஆனால் பெரும் பயன் தரும் மாற்றமாக இருக்கும் என்பது என் கருத்து.

நீண்டகால விளைவுகளைப் பற்றிய பழைய ஆய்வுகள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ரொபின் விங்க்லரும் மார்கரெட் வான் கெப்பலும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில் பங்குபற்றிய 213 தாய்மாரில் ஏறத்தாழ அரைப்பங்கினர், இழப்புணர்வு காலப்போக்கில் கூடியதாகத் தெரிவித்தார்கள். மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதவர்களிடமும் சமூக ஆதரவு குன்றியவர்களிடமும் பாதிப்பு மிகுந்திருந்தது. ஜோன் கொண்டன் 1986 இல் ஆராய்ந்த 20 பெண்களில் பெரும்பாலோரிடம் கவலையும் கோபமும் குற்றவுணர்வும் பல ஆண்டுகளின் பின்னரும் தணிந்திருக்கவில்லை. இந்த எண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தாமாக முன்வந்து பங்குபற்றுவோரில் நொந்தவர்களே அதிகம் இருப்பார்கள். முடிவோடு சமாதானமடைந்து வாழும் பெண்ணுக்கு ஆய்வாளரைத் தேடிப்போகும் தேவை குறைவு. பிள்ளையைக் கொடுத்த ஒவ்வொருத்தியும் உடைந்துபோனவள் என்று எண்ணுவது அவளுக்கு இன்னொரு வகையில் செய்யும் அநியாயம்.

மருத்துவ வகைப்பாடுகளில் இவளுக்கு இடமில்லாதது ஒரு விசித்திரம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பு, நீடித்த துயர்க் கோளாறு என்ற புதிய வகையைச் சேர்த்திருக்கிறது. நெருங்கிய ஒருவர் இறந்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனை. பிள்ளை உயிரோடிருப்பதால், அதே ஏக்கமும் அதே முடக்கமும் 30 ஆண்டுகளாக நீடித்தாலும் அந்தப் பெயர் இவளுக்குப் பொருந்தாது. நடைமுறையில் இவள் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருவாள். மருந்து கிடைக்கும், காரணம் கேட்கப்படாது.

துயரின் அளவைத் தீர்மானிப்பவை எவை என்பதில் ஆய்வுகள் ஓரளவு உடன்படுகின்றன. முதலாவது, முடிவு அவளுடையதாக இருந்ததா என்பது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய மகப்பேற்று விடுதிகளில், திருமணமாகாத தாய்மார் பிள்ளையின் முகத்தையே பார்க்காதபடி தடுக்கப்பட்டார்கள். பார்க்காவிட்டால் பற்று உண்டாகாது என்பது அன்றைய நம்பிக்கை. ஒன்பது மாத ஆயத்தத்தை ஒரு திரைச்சீலையால் மறைக்கலாம் என்று எண்ணிய அந்த நம்பிக்கைக்காக, 2013 மார்ச் 21 இல் அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லார்ட் அந்தத் தாய்மாரிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இலங்கையிலும் 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டன; அவற்றில் பலவற்றின் ஆவணங்கள் பொய்யானவை என்பது பின்னர் வெளிவந்தது. பிள்ளைகள் வளர்ந்து தேடிவரும்போது சில பத்திரங்களில் உள்ள பெயர் பெற்றவளுடையதாகவே இருப்பதில்லை.

இரண்டாவது, செய்தி கிடைக்கிறதா என்பது. ஹரோல்ட் குரோட்டவன்ட், ரூத் மக்ரோய் ஆகியோரின் தலைமையில் 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய நீண்ட ஆய்வு, எந்தத் தொடர்புமற்ற தத்துகளையும் இரு குடும்பங்களும் ஒன்றையொன்று அறிந்திருந்த தத்துகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தொடர்பு இருந்தால் தாய் தேற மாட்டாள் என்ற பொதுவான அச்சத்துக்கு மாறாக, தொடர்பு நீடித்த தாய்மாரிடமே ஆறாத துயர் குறைவாக இருந்தது. பொஸ்ஸின் விளக்கத்தோடு இது நன்கு பொருந்துகிறது: பிள்ளை உயிரோடும் நலத்தோடும் இருக்கிறது என்ற தகவல், மூளை இத்தனை காலம் காத்திருந்த தரவு.

இலங்கையில் தத்தெடுப்பு 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையால் நடைபெறுகிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அதில் பங்கேற்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கு, 1993 இல் உருவாகி 1995 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஹேக் சமவாயம் பொருந்தும். தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும், அதன் விளைவுகள் அவளுக்கு விளக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதன் 4 ஆம் உறுப்புரை கூறுகிறது. 30 ஆம் உறுப்புரை, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்களை அரசுகள் பாதுகாத்து, சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பிள்ளை அவற்றை அறிய வழிசெய்ய வேண்டும் என்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று தாய் அறிவதற்கான உரிமை எதையும் அந்த உறுப்புரை கூறவில்லை.