மொடிஃபை செய்த ஜப்பான் காருக்கு மந்தமான சந்தையில் என்ன விலை வைப்பது?

"அண்ணை, வண்டிக்கு மேலால மட்டும் பதினெட்டு இலட்சம் போட்டிருக்கிறன். அதில பாதியாவது எடுக்க வேணும்." வாகன மதிப்பீட்டுக்கு வரும் தம்பிமார் பலர் பேச்சை இப்படித்தான் தொடங்குகிறார்கள். கையில் ஒரு கோப்பும் இருக்கும். ரிம் பில், கொயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங், ஷொக் செட்) பில், பெயின்ட் அடித்த பாஸின் (தொழிலாளியின்) கையெழுத்துச் சீட்டு என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருப்பார்கள். வாங்க வருகிறவர் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்ப்பார், "நல்லாப் பராமரிச்சிருக்கிறீங்கள்" என்பார், அதன்பிறகு தான் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்த விலையைச் சொல்வார்.

அவர் யோசித்த விலை எங்கிருந்து வந்தது? கையே வைக்காத அதே மொடல், அதே வருடக் கார் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்துதான். லீசிங் கம்பனிக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் மதிப்பீட்டு அறிக்கையும் அதே அடிப்படையில்தான் எழுதப்படுகிறது. சொகுசு சீட், பெரிய ரிம், டர்போ எல்லாவற்றையும் அறிக்கையில் குறிப்போம், ஆனால் அவற்றுக்காகத் தொகையை ஏற்றுவது அரிது. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஸ்டொக் கார், அதாவது கம்பனியில் இருந்து வந்தபடியே இருக்கும் கார், 50 இலட்சம், நீங்கள் கேட்பது 62 என்று வைத்துக்கொள்வோம். லீசிங்காரர் 50-இல் ஒரு பங்கைத்தான் தருவார். அந்தப் பங்கு போக 50-இல் மிஞ்சும் தொகையோடு மேலதிகப் 12 இலட்சத்தையும் வாங்குபவர் காசாகக் கொண்டுவர வேண்டும். இதனால்தான் மொடிஃபை கார் பெரும்பாலும் கைக்காசுக்காரரின் பொருளாகிவிடுகிறது. சந்தை ஓடும் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தேடி வருவார்கள். மந்தமான காலத்தில் ஒருவர் இருவர்தான் மிஞ்சுவார்கள். தாங்கள் ஒருவர் இருவர்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2022 இதை நன்றாகவே காட்டியது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், இருக்கிற கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350-ஐயும் கடந்திருந்தது. விலை இனி இறங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. லீசிங் தவணை கட்டுபடியாகாமல் போனது. பெற்றோல் வரிசை, அப்புறம் ஜூலையில் எரிபொருளைப் பங்கிட QR அட்டை, தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சாவில் இருக்கும் 1.3 லீற்றர் டர்போ எஞ்சின் கம்பனியில் இருந்து வரும்போதே 135 குதிரைவலு கொண்டது. அதன் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டி, ஒக்டேன் 95 இல்லாவிட்டால் ஓட்டப் பயப்படும் நிலைக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு அந்த 20 லீற்றர் எத்தனை நாளைக்கு? அதே கிழமையில் பக்கத்து வீட்டு டொயோட்டா விட்ஸ், யாரும் கை வைக்காத விட்ஸ், விலை பேசி முடிந்து போய்விடும்.

"இந்த மொடல் இனி நாட்டுக்குள்ளே வராது, அதனால் விலை ஏறத்தான் செய்யும்" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபோதும், மூன்று வயதுக்கு மேற்பட்ட கார்கள் சாதாரண வழியில் வருவதில்லை. ஆகவே 1990-களின் ஹொண்டா சிவிக் EK3 இனி புதிதாக வந்திறங்கப் போவதில்லை. ஆனால் அந்த அருமை சேர்வது கிழியாத, வெட்டாத, உள்பக்கம் ஒரிஜினலாக இருக்கும் EK3-க்குத்தான். ஃபென்டரை (மட்காட்டை) வெட்டி அகலப்படுத்திய வண்டி அதே அருமையைக் கோர முடியாது. நிசான் ஸ்கைலைன் R32 விலை உலகம் முழுக்க ஏறியதைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவில் 25 வயது கடந்த கார்களை இறக்கலாம் என்ற விதிப்படி 2014-இல் 1989-ஆம் ஆண்டு R32-களுக்கு வழி திறந்தது. அந்த ஏற்றத்துக்கு அது ஒரு பெரிய காரணம். அமெரிக்க வாங்குநர் யாழ்ப்பாணத்து EK3-ஐத் தேடி வரமாட்டார்.

சரி, போட்ட சாமானில் எது காசாகத் திரும்பும்? கழற்றக்கூடியதெல்லாம் திரும்பும். ரிம், கொயிலோவர், ரெகாரோ சீட், ஸ்டியரிங். பெயின்ட், பொடி கிட் பொருத்திய கூலி, டியூனிங் செலவு ஆகியவற்றை மறந்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் என்றால் வாங்குபவர் ஒரிஜினலைத் திரும்பப் போடும் செலவைக் கழித்தே விலை சொல்வார்.

ரிம்மில் ஒரு விஷயம். ஒரிஜினல் TE37 (ஜப்பானின் ரேஸ் கம்பனி செய்யும் பிரபல ரிம்) என்று சொல்லி வரும் செட்களில் கொப்பி தாராளமாக இருக்கிறது. ரிம்மைக் கழற்றித் திருப்பி, ஸ்போக்கின் பின்பக்கம் பாருங்கள். அளவும் ஒஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) ஜப்பானிய ரிம் தரக்குறியான JWL முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் முத்திரையையும் கொப்பி அடிக்கிறார்கள், ஆகவே கையில் தூக்கிப் பாருங்கள். TE37 போல ஃபோர்ஜ் செய்த (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) ரிம் அதே அளவு வார்ப்பு ரிம்மைவிடக் கணிசமாக இலேசு, ஒரு தடவை இரண்டையும் தூக்கிய கைக்கு மறக்காது. ஒரிஜினல் என்றால் காரோடு சேர்த்து விற்காதீர்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஸ்டொக் ரிம் ஒரு செட் எடுத்துப் போட்டுக் காரை விற்றுவிட்டு, ரிம்மை வேறாக விளம்பரம் செய்தால் இரண்டிலும் காசு வரும். கொப்பி என்றால் அப்படியே காரோடு போகட்டும், அதைக் கொப்பி என்றே சொல்லி விடுங்கள்.

எஞ்சின் மாற்றம் வேறு கதை. EK3-இல் கம்பனி போட்டது D15B, 130 குதிரைவலு. பலர் அதை இறக்கிவிட்டு B16A ஏற்றுகிறார்கள், 170 வரை கிடைக்கும். ஓட்ட அருமையான வண்டி. ஆனால் புக்கில் (வாகனப் பதிவுச் சான்றில்) பழைய எஞ்சின் இலக்கம்தான் இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிந்திருக்காவிட்டால் லீசிங் கிடைக்காது, காப்புறுதிக் கோரிக்கை வரும்போது சிக்கல், விபத்து என்றால் இன்னும் சிக்கல். நிறம் மாற்றியதும் இதே வரிசைதான். விற்கும் யோசனை வந்தவுடன் முதலில் புக்கைத் திருத்துங்கள், ரிம்மைப் பொலிஷ் பண்ணுவதை அப்புறம் பார்க்கலாம். கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகத்தை) கழற்றிய வண்டிக்குப் புகைப் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் ஒரு தலையிடி, அந்தப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. 2025-இன் தொடக்கத்திலிருந்து பொலிஸார் சத்தச் சைலன்சர், மேலதிக லைட் ஆகியவற்றை வழியில் நிறுத்திப் பார்ப்பதும் கூடியிருக்கிறது. இதையெல்லாம் வாங்குபவர் உங்களிடம் சொல்லமாட்டார், மனதுக்குள் கழித்துக்கொள்வார்.

விலையை எப்படி எழுதுவது என்று கேட்டால், முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: விளம்பரங்களில் பார்ப்பவை விற்பவர் கேட்கும் விலைகள். விற்ற விலை எங்கேயும் போடப்படுவதில்லை. இரண்டு மாதமாக அதே படத்தோடு திரும்பத் திரும்ப ஏறும் விளம்பரத்தைப் பார்த்து விலை வைத்தால், நீங்களும் இரண்டு மாதம் காத்திருப்பீர்கள். காணாமல் போன விளம்பரங்களைக் குறித்து வையுங்கள், அவை எந்த விலையில் நின்றன என்று பாருங்கள். காத்திருப்பதற்கும் செலவு உண்டு: 50 இலட்சம் வருடத்துக்கு 8 வீத வட்டியில் இருந்தால் மாதம் 33,000 ரூபாய்க்கு மேல். காப்புறுதியும் பற்றரி இறங்குவதும் அதற்கு மேலே.

கிழமைக்கு ஐம்பதாயிரம் என்று சொட்டுச் சொட்டாகக் குறைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒவ்வொரு குறைப்பையும் கவனிக்கும் ஆட்கள் அடுத்த குறைப்புக்காகக் காத்திருப்பார்கள். மூன்று கிழமையில் உருப்படியான ஒரு அழைப்பும் வராவிட்டால் ஒரே தடவையில், வித்தியாசம் தெரியும்படி இறக்குங்கள்.

கழற்றி வைத்த ஒரிஜினல் சாமான், அதாவது ஸ்டொக் பம்பர், எயார் பொக்ஸ், சைலன்சர் இருந்தால் விளம்பரத்தில் "இலவசம்" என்று போட வேண்டாம். "ஒரிஜினல் பாகங்கள் உண்டு" என்பது போதும். பேரம் கடைசி இரண்டு இலட்சத்தில் வந்து நிற்கும்போது, "காசைக் குறைக்கேலாது, வேணுமெண்டால் அந்தச் சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போங்கோ" என்று சொல்ல அது கையில் இருக்க வேண்டும்.