விரட்டிப் பிடித்த மான் எழுந்து நடந்தால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை

டெக்சாஸ் பண்ணைகளில் விற்பனைக்காக மான் பிடிக்கத் தொடங்கிவிட்டால் எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். "பிடித்த அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது டாக்டர், எழுந்து நடந்தது, தண்ணீர்கூடக் குடித்தது. மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடக்கிறது. மயக்க மருந்து அதிகமாகிவிட்டதா?"

கடைசியாக வந்தது ஓர் ஆண் ஓரிக்ஸ், நீண்ட கொம்புள்ள பெரிய மான். இரண்டு பிக்கப் வண்டிகளில் வேலியோரமாக விரட்டி, அது ஓட முடியாமல் வாய் பிளந்து நின்ற பிறகு ஊசி போட்டிருக்கிறார்கள். அறுத்துப் பார்த்தேன். பின்தொடைத் தசை வேகவைத்த மீன்போல வெளுத்து, விரல் பட்டாலே பிய்ந்து வந்தது. சிறுநீர்ப்பையில் கரும்பழுப்பு நிறத்தில் சிறுநீர். மருந்தின் அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கொன்றது அந்த ஓட்டம்.

இதற்குப் பெயர் கேப்சர் மயோபதி, அதாவது விரட்டிப் பிடிப்பதால் வரும் தசைச் சிதைவு. மான் வளர்க்கும் எல்லோரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் "எழுந்து நடந்துவிட்டது, இனி பயமில்லை" என்பதை மட்டும் யாரும் விடுவதாயில்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுந்து நடந்தது என்றால் மயக்கம் தெளிந்திருக்கிறது, அவ்வளவுதான். தசை சிதையத் தொடங்கியது விரட்டும்போதே. செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்க நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மான் நடக்கும், மேயும், உங்களைப் பார்த்துக் காதை ஆட்டும். சில மான்கள் பிடித்த சில மணி நேரத்திலேயே போய்விடும். சில ஓரிரு நாளில் பின்னங்கால் தசை அறுந்து, குதிகால் தரையில் பட உட்கார்ந்துவிடும். இன்னும் சில, ஒரு குறையும் தெரியாமல் பட்டியில் நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் யாராவது கதவைப் படாரென்று திறந்தால், அந்த அதிர்ச்சியில் இதயம் தாறுமாறாகத் துடித்து, நின்ற இடத்திலேயே விழும். அதைப் பார்த்துவிட்டு "ஹார்ட் அட்டாக்" என்று எழுதி வைக்கிறார்கள். அதன் தொடக்கம் நீங்கள் விரட்டிய அன்று.

வேட்டையாடப்படும் விலங்கு தன் பலவீனத்தை வெளியே காட்டாது. காட்டினால் சிங்கம் முதலில் அதைத்தான் தேடி வரும். அதனால் "பார்க்க நன்றாக இருந்தது" என்று என்னிடம் சொல்வதில் பயனில்லை. ரத்தம் எடுத்து சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) அளவைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது, "எங்கள் மான்கள் பழகியவை" என்ற பேச்சு. வெளிமான் டெக்சாஸுக்கு வந்தது 1932-ல். எத்தனையோ தலைமுறைகள் 8 அடி வேலிக்குள்ளேயே பிறந்து வளர்ந்துவிட்டன, உண்மைதான். தீனி போடும் ஃபீடரின் சத்தம் கேட்டால் ஓடி வரும், அதுவும் உண்மைதான். தீனிக்கு வருவது வேறு, கைக்கு அடங்குவது வேறு. மாட்டை மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பழக்கியிருக்கிறான். மாட்டை ஓட்டுவது போல ஓரிக்ஸையோ அடாக்ஸ் மானையோ வண்டி வைத்து ஓட்டாதீர்கள்.

ஓரிக்ஸில் ஒரு வகையான சிமிட்டார் ஓரிக்ஸ் காட்டில் அற்றுப்போனதாக 2000-ல் அறிவிக்கப்பட்டது. உயிரியல் பூங்காக்களிலும் வேலிக்குள்ளும் வளர்த்தவர்களால்தான் அந்த இனம் பிழைத்தது. 2016 முதல் சாட் நாட்டில் மீண்டும் விட்டு, அவை அங்கே குட்டி போட்ட பிறகே, 2023-ல் காட்டில் அற்றுப்போனவற்றின் பட்டியலிலிருந்து இறங்கியது. அப்படிப்பட்ட விலங்கை ஒரு மதிய நேர அவசரத்தில் இழப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? விரட்டாமல் பிடியுங்கள். பட்டியைச் சில வாரங்களுக்கு முன்பே கட்டி, கதவைத் திறந்தே வைத்து, தீனியை உள்ளே போடுங்கள். தானாக உள்ளே வந்து தின்னப் பழகட்டும். அப்புறம் ஒருநாள் கதவை மூடினால் போதும். பக்கவாட்டில் சாக்கோ தார்ப்பாயோ கட்டி மறையுங்கள். கம்பி தெரிந்தால் அதன் மேல் பாயும், தடுப்பு தெரிந்தால் நிற்கும். ஊசி போட்டே ஆக வேண்டுமென்றால் விடியற்காலையில், குளிர்ந்த நாளில். ஓட ஆரம்பித்துவிட்டதா? சில நிமிடங்களுக்குள் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். "இவ்வளவு தூரம் விரட்டியாச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்ற அந்தக் கடைசி நிமிடங்கள்தான் மானைக் கொல்கின்றன.

மான் விழுந்ததும் கண்ணைத் துணியால் கட்டுங்கள். பக்கவாட்டில் கிடக்க விடாமல் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். கழுத்து உயர்ந்தும் மூக்கு தாழ்ந்தும் இருக்கட்டும், அசை போடும் வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வடியும். ஆசனவாயில் தெர்மாமீட்டரை வைத்து அது காட்டும் வெப்பநிலையைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். 41 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், இறங்கவில்லையென்றால் படம் எடுப்பது, கொம்பை அளப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுப்பிவிட வேண்டும். வைட்டமின் ஈ, செலினியம் ஊசி போட்டுவிட்டோமே என்பார்கள். போடுங்கள், ஆனால் அதை நம்பி விரட்டாதீர்கள். தசை போன பிறகு தருகிற சிகிச்சையில் பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறோம்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டார்ஃபின், தயாஃபென்டனில் போன்ற மயக்க மருந்துகள் மனிதனையும் கொல்லும், கண்ணில் தெறித்தாலே ஆபத்து. மாற்று மருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்த இன்னொருவரும் பக்கத்தில் இல்லாமல் யாரும் அந்தக் குப்பியைத் திறக்கக் கூடாது. மருத்துவர் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம்.

வண்டியில் ஏற்றும்போது ஆண் மான்களைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள், கொம்பு நுனியில் ரப்பர் குழாயைச் செருகிவிடுங்கள். நெடுந்தூரப் பயணம் என்றால் நீண்ட நேரம் வேலை செய்யும் சாந்தப்படுத்தும் மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வாங்குகிறவரிடமும் சொல்லியனுப்புங்கள்: இறக்கிய பிறகு முதல் இரண்டு வாரம் நாய் வேண்டாம், வேடிக்கை பார்க்க விருந்தாளிகள் வேண்டாம், தீனி வைக்கிற ஒரே ஆள் ஒரே நேரத்தில் போய் வரட்டும். சிறுநீர் கருத்தாலோ, நடை தடுமாறினாலோ, கழுத்து ஒரு பக்கம் கோணினாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்காமல் அப்போதே கூப்பிடட்டும்.