ஆற்றோரச் சமதளப் பாதையும் திரும்பக் கிடைக்காத காற்றும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மோட்டார் வாகனங்களே வராத ஆற்றங்கரைப் பாதையில், ஆறு பாயும் திசையில் மிதிவண்டி ஓட்டிச் சென்றபோது களைப்பே தெரியவில்லை. மறுநாள் அதே பாதையில் திரும்பியபோது பாதித் தொலைவிலேயே ஓய்ந்துபோனேன். பார்வைக்குச் சமதளமாக இருந்தாலும் ஆறு இறங்கித்தானே ஓடுகிறது? அந்தச் சரிவுதான் என்னைப் படுத்தியதா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த வழக்கில் சரிவு ஏறக்குறைய நிரபராதி என்பதைப் பள்ளி இயற்பியலை வைத்துக்கொண்டே காட்டிவிடலாம்.

முதலில் அந்தச் சரிவு எவ்வளவு என்று பார்ப்போம். ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் நதியை ஒட்டிச் செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதை சுமார் 320 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வளவு தொலைவுக்கும் சேர்த்து நதி இறங்குவது ஏறத்தாழ 130 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு முழத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் போட்டோமேக் ஆற்றை ஒட்டிக் கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை வெட்டப்பட்டு 1850-இல் நிறைவடைந்த செசபீக்–ஒஹாயோ கால்வாயின் கதை இன்னும் சுவையானது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி படகுகளைக் கயிற்றால் இழுத்த அந்தப் பாதையில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. 297 கிலோமீட்டரில் சுமார் 184 மீட்டர் உயர வேறுபாடு. அதைக் கால்வாய், படகை நீரோடு சேர்த்து ஏற்றி இறக்கும் 74 அடைப்பு மதகுகளால் படிப்படியாகக் கடந்தது. இரண்டு மதகுகளுக்கு இடையில் தேங்கிய நீர் எவ்வளவு மட்டமோ அவ்வளவு மட்டம் பாதையும். மதகுக்கு மதகு இரண்டரை மீட்டர் அளவில் ஒரு சிறு ஏற்றம், அவ்வளவுதான். வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டலைப் பரப்பிப் பள்ளத்தாக்கின் தரையை ஆறே நிரவி வைத்திருப்பதால், அத்தகைய இடங்களில் பாதை போடுபவர்களுக்கு வேலை மிச்சம்.

இனி விசைகளுக்கு வருவோம். ஓட்டுநர், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோகிராம் என்றும், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல தார்ப் பாதையில் டயர்கள் நசுங்கி விரிவதால் ஏற்படும் உருளல் தடை சுமார் 5 நியூட்டன். சரளைப் பாதையில் இது இரு மடங்காகலாம். நிமிர்ந்து அமர்ந்து, இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுச் செல்பவர் மீது அசையாத காற்று தரும் தடை சுமார் 9 நியூட்டன். கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சரிவு தரும் உதவியோ வெறும் 0.4 நியூட்டன். ஆற்றோடு போனாலும் ஆற்றை எதிர்த்துப் போனாலும், டயரில் காற்றைச் சரியாக அடித்திருக்கிறோமா என்பது இந்தச் சரிவைவிடப் பெரிய விஷயம்.

ஆக மொத்தத் தடை 14 நியூட்டன்; அதை நொடிக்கு 5 மீட்டரால் பெருக்கினால் 70 வாட். ஓரளவு உடல்நலமுள்ள எவரும் மணிக்கணக்கில் தந்துகொண்டே இருக்கக்கூடிய திறன் இது. வாகனமற்ற பாதையின் அருமையும் இங்கேதான் எண்ணாக வெளிப்படுகிறது. ஒருமுறை பிரேக் பிடித்து நின்றால் 1,250 ஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாகித் தொலைகிறது. அதே ஆற்றலில் ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டியிருக்கலாம். கிலோமீட்டருக்கு ஐந்து முறை நிற்க வேண்டிய நகரச் சாலையில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் கூடுதலாக மிதிப்பதற்குச் சமமான உழைப்பு அந்த நிறுத்தங்களுக்கே போய்விடுகிறது.

சரிவும் இல்லை, நிறுத்தங்களும் இல்லை என்றால் மிஞ்சுவது காற்று மட்டுமே. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானிக்கிறேன். காற்றுத் தடை என்பது தரையைப் பொறுத்து நாம் செல்லும் வேகத்தைச் சார்ந்ததன்று. நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து நாம் செல்லும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அது வளர்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் நம்மை அதே 5 மீட்டர் வேகத்தில் காற்று எதிர்கொண்டால், சார்பு வேகம் இரு மடங்காகிறது, தடை நான்கு மடங்காகி 36 நியூட்டனைத் தொடுகிறது. வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட இப்போது சுமார் 205 வாட் வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவர்களால் மட்டுமே அதை மணிக்கணக்கில் தர முடியும்.

அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் சார்பு வேகம் சுழியாகிவிடும். உருளல் தடை மட்டும் மிஞ்ச, 25 வாட் போதும். அந்த நேரத்தை யாரும் கருவி இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். அதுவரை காதில் விடாமல் இரைந்துகொண்டிருந்த ஓசை திடீரென்று அடங்கும். சங்கிலி பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கும். வீசிக்கொண்டிருந்த காற்று நின்றுபோனதால் நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாகத் திரளும். கரையோரப் புற்கள் மட்டும் நாம் போகும் திசையில் சாய்ந்தபடியே இருக்கும்.

"போகும்போது உதவிய காற்று வரும்போது தடுக்கும், கணக்கு நேராகிவிடும்" என்று மிதிவண்டி ஓட்டுபவர்கள் பலர் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. கணக்கு நேராவதே இல்லை. மாறாத 70 வாட் திறனோடு 36 கிலோமீட்டர் போய், அதே 36 கிலோமீட்டர் திரும்புவதாகக் கொள்வோம். காற்றில்லாத நாளில் மொத்தம் நான்கு மணி நேரம். மேற்சொன்ன காற்று வீசும் நாளில் அதற்கு எதிராகச் செல்லும் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்துவிடுவதால் ஒரு திசைக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. காற்றோடு திரும்பும்போது மணிக்கு 29 கிலோமீட்டர் வரை பறந்தாலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மொத்தம் ஐந்து மணி நேரம்! காற்று கடனாக வாங்கியதில் ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தரவே இல்லை. மலைப் பாதையில் ஏறிச் சேர்த்த ஆற்றலின் ஒரு பகுதியாவது இறக்கத்தில் கைக்கு வரும். எதிர்க்காற்றில் செலவழித்ததோ நமக்குப் பின்னால் சுழிகளாகச் சுழன்று கலைந்துபோனதுதான்.

இதைவிட வியப்பானது குறுக்கே வீசும் காற்று. சரியாகப் பக்கவாட்டில் வருவது உதவவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது என்றுதான் தோன்றும். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். முன்னிருந்து 5, பக்கத்திலிருந்து 5 என்றால் உணரப்படும் காற்று சாய்வாக 7.07 மீட்டர் வேகத்தில் வருகிறது. தடை இந்த முழு வேகத்தைச் சார்ந்து வளர்ந்துவிட்டு, அதில் முன்திசையில் விழும் பகுதியை மட்டும் நம் கணக்கில் ஏற்றுகிறது. 9 நியூட்டனாக இருந்தது 12.7 ஆகிறது. ஆகவே பக்கக்காற்றும் எதிரிதான். நம் வேகத்துக்குச் சமமான காற்று, பக்கவாட்டிலிருந்து சுமார் 12 பாகையாவது பின்னால் சாய்ந்து வந்தால்தான் உதவத் தொடங்கும். எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடிய காற்றில் 360-க்கு 204 பாகை நமக்கு எதிராகவே இருக்கிறது. எப்போதும் எதிர்க்காற்றே வாய்க்கிறது என்று புலம்புபவர் ஜாதகத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எந்தக் கோணத்தில் காற்று வந்தாலும் வண்டியின் வடிவம் ஒரே அளவு தடுக்கும் என்ற எளிமைப்படுத்தல் இந்தக் கணக்கில் இருக்கிறது. உண்மையில் பக்கவாட்டில் தொங்கும் பைகள் சாய்வாக வரும் காற்றை வேறு விதமாக எதிர்கொள்ளும். செயற்கையாகக் காற்றை வீசவிட்டுத் தடையை அளக்கும் காற்றுச் சுரங்கங்களில் நடப்பவையாக என் கண்ணில் படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, குனிந்து விரையும் பந்தய வீரர்களின் சில நொடிகளை மிச்சப்படுத்துவதற்கானவை என்பதில் எனக்கு நெடுநாளைய மனக்குறை உண்டு. பை கட்டிய சாதாரண வண்டிக்கும் அந்தச் சுரங்கங்களில் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

வானிலை அறிக்கையோடு இவற்றை ஒப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காற்று 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது, திறந்த புல்வெளியில் நம் உயரத்தில் அதன் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். நாம் கணக்கிட்ட 18 கிலோமீட்டர் காற்று அறிக்கையில் சுமார் 27 என்று வரும். மரங்களின் சிறு கிளைகள் அசைந்து, தூசியும் தாள்களும் கிளம்பும் அளவு அது.

பள்ளத்தாக்குக்கும் இதில் பங்குண்டு. இருபுறமும் மேடு இருப்பதால் காற்று பெரும்பாலும் ஆற்றின் நீளவாக்கிலேயே வழிநடத்தப்படுகிறது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து சீறிவரும் மிஸ்ட்ரல் காற்று இதற்குப் பெயர்போனது. மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு தனக்கென ஒரு காற்றையே உண்டாக்கிக்கொள்ளும். சமவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் அதே வெயில், சரிவுகளுக்கு இடையே அடைபட்ட குறைந்த அளவு காற்றைச் சூடாக்க வேண்டியிருப்பதால், பள்ளத்தாக்கு விரைவாகச் சூடேறுகிறது. அங்கே அழுத்தம் குறைய, சமவெளிக் காற்று ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி ஏறுகிறது. இரவில் குளிர்ந்ததும் திசை புரண்டு, காலை வரை ஆற்றோடு கீழ்நோக்கி வீசுகிறது. இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து வருவதைப் பெலெர் என்றும், பிற்பகலில் தெற்கிலிருந்து ஏறுவதை ஓரா என்றும் படகோட்டிகள் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள்.

வாசகர் சென்றது இத்தகைய பள்ளத்தாக்கு என்றால், அவர் அதிகாலையில் ஆற்றோடு இறங்கிவிட்டு, மறுநாளும் அதே அதிகாலையில் திரும்பக் கிளம்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அடுத்த முறை இறங்குவதற்கு விடியலிலேயே புறப்படட்டும். ஏறும் நாளில் மட்டும் நிதானமாக உறங்கி எழுந்து, கரையோரப் புற்கள் மேல்திசையில் சாயத் தொடங்கிய பிறகு வண்டியை எடுக்கட்டும்.