லாக் என்றால் பூட்டு, எந்தப் பூட்டு?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு வாங்கும் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். எடை மெஷினிலிருந்து வரவை ஏற்றும் நிரல் ஒன்று, கணக்கர் தட்டும் நிரல் ஒன்று. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில். ஒரு சம்மாட்டிக்கு, அதாவது படகு உரிமையாளருக்கு, கடை தர வேண்டிய பாக்கி 12,000 ரூபாய். எடை நிரல் அதைப் படித்து, அன்றைய நண்டுக்கு 3,500 கூட்டியது. அதே நேரத்தில் கணக்கரின் நிரலும் 12,000 என்றே படித்து, டீசலுக்கு 2,000 கழித்தது. முதலில் 15,500 பதிவானது. அதன்மேலேயே 10,000 வந்து உட்கார்ந்தது. 13,500 இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் நண்டுக் காசு ஏட்டிலிருந்தே போய்விட்டது. தவறு என்னுடையது. லாக் எடுக்காமல் படித்திருந்தேன்.

‘இந்தப் பதிவு இப்போது என் கையில் இருக்கிறது’ என்று ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு வைக்கும் அடையாளம்தான் லாக். படிக்க மட்டும் என்றால் பலர் சேர்ந்து வைத்திருக்கலாம், அது பகிர்பூட்டு. எழுத என்றால் ஒருவர்தான், அது தனிப்பூட்டு. பாம்பன்காரர்களுக்கு இது பழகிய காட்சி. தூக்குப் பாலம் உயர்ந்தால் காத்துக் கிடந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துவிடும். பாலம் இறங்கிய பிறகு அந்த ஒற்றைத் தடத்தில் ஒரே ரயில். 1914இல் திறந்த பழைய பாலத்தில் இதுதான் நடைமுறையாக இருந்தது, 2025இல் திறந்த புதிய பாலத்திலும் இதுதான்.

ஆங்கில லாக்கின் பழம்பொருள் தாழ், அடைப்பு. தமிழ்ப் பூட்டின் வேர் வேறு. காண் காட்டு ஆனதுபோல, உண் ஊட்டு ஆனதுபோல, பூண் என்பதன் பிறவினை பூட்டு. பூணச் செய்வது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேர்ந்து பொருள் தந்தால் இலக்கணத்தில் அது விற்பூட்டு. இங்கெல்லாம் எதையும் அடைப்பதில்லை, ஒன்றோடு ஒன்றைப் பிணைக்கிறோம். தரவுத்தள லாக்கும் ஒரு பதிவை ஒரு வேலையோடு பிணைக்கிறது. வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. ஆகவே பூட்டு என்ற சொல் ஆங்கிலத்தைவிட நன்றாகவே பொருந்துகிறது என்பேன். அன்லாக் என்பதைத்தான் ‘திறத்தல்’ என்று எழுதக் கூடாது. பூட்டிய மாட்டை யாரும் திறப்பதில்லை, அவிழ்த்து விடுகிறோம். ‘பூட்டு விடுத்தல்’ சரி.

லாட்ச் என்று இன்னொன்று உண்டு. நினைவகத்தில் உள்ள பக்கங்கள் கலைந்துவிடாதிருக்கத் தரவுத்தளம் கண நேரத்துக்குப் போட்டு எடுப்பது. அதற்குக் கொண்டி போதும். இரண்டையும் பூட்டு என்று மொழிபெயர்த்தால் படிக்கிற பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

ஒரு பூட்டை விட்ட பிறகு அந்த வேலைக்காகப் புதிதாக எதையும் பூட்டக் கூடாது என்ற விதியை 1976இல் ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் என்ற ஐபிஎம் ஆய்வாளர்கள் நால்வர் எழுதி வைத்தார்கள். ஜிம் கிரே 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் போனவர், திரும்பவில்லை. கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருக்கும் கரையிலிருந்து எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எஸ்கியூலைட்டில் எழுதும் பூட்டு தரவுத்தளம் முழுவதற்கும் ஒன்றே. எனவே பாக்கியைப் படிக்கும் முன்பே ‘பிகின் இமீடியட்’ என்ற கட்டளையைக் கொடுத்து அதை வாங்கிவிட வேண்டும். அப்படித் திருத்திக் கொடுத்த மறுநாள் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று திரையில் வர, கணக்கர் பதறிப்போய்ப் போன் செய்தார்: “தம்பி, யாரு பூட்டுனது? சாவி யார்ட்ட இருக்கு?” மற்றவர் விடும்வரை ஐந்து நொடி பொறுத்துப் பார்க்கும்படி நிரலை மாற்றினேன். அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே ‘எடை பதிவாகிறது, சற்றுப் பொறுங்கள்’ என்று வருகிறது.