ஸ்வயம் பாடத்துக்கு கிரெடிட்: சேரும் முன்பே கடிதம் வாங்கிவிடுங்கள்

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயமில் 12 வாரப் பாடம் ஒன்றை முடித்தார். பாதிப் பாடம் பேருந்தில், போனில் பார்த்தது. 75க்கு மேல் மதிப்பெண், 'எலைட் சில்வர்' சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனால், "தேர்வு அலுவலகத்தில் கொடும்மா" என்றார். அங்கே, "துறையிலிருந்து லெட்டர் வரணும்" என்றார்கள். திரும்பி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: "இந்தப் பாடம் நம்ம லிஸ்ட்டிலேயே இல்லையே." கடைசியில் அந்த கிரெடிட்டுக்காக (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) விருப்பப்பாடம் ஒன்றை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி படித்தார்.

ஸ்வயம் 2017இல் வந்தது. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. ஒரு செமஸ்டரில் நடக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெறலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021இல் விதி போட்டது. அதற்கு முன் 20 சதவீதம். பின்னணி இவ்வளவு போதும்.

அந்த 'வரை' என்ற சொல்லில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 40 சதவீதம் உங்கள் கையில் உள்ள உரிமை அல்ல. பல்கலைக்கழகம் அந்த அளவுக்கு அனுமதிக்கலாம், அவ்வளவுதான். எந்தப் பாடத்தை, உங்கள் படிப்பின் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது என்பதைக் கல்விக்குழு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத பாடத்துக்கு நீங்கள் தங்கச் சான்றிதழே வாங்கினாலும் அது வேலை தேடும்போது காட்டத்தான் உதவும்.

ஆகவே சேரும் முன் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாடத்தின் பெயர், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்கு ஈடு என்று நான்கு வரி போதும். 4 வாரம் என்றால் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3 என்பது வழக்கமான கணக்கு. உங்கள் கல்லூரியில் அந்த இடத்துக்கு 4 கிரெடிட் தேவை என்றால் 12 வாரப் பாடம் பத்தாது. இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். "சேர்ந்துக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த 'அப்புறம்' வரவே வராது. ஒப்புதலைக் கையெழுத்தோடு வாங்கி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் பிறகு தைரியமாகப் பேசலாம்: ஸ்வயமில் ஈட்டிய கிரெடிட்டை மாற்றித் தர மறுக்கக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான். மாணவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும், கணினி வசதியை இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. லேப் பூட்டியே கிடந்தால் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால்தான் பூட்டியே கிடக்கிறது.

அடுத்த பொறி, தேர்வு. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் படிவம் தனியாகத் திறக்கும், பாடம் முடிவதற்கு முன்பே மூடிவிடும். வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்து தேதியைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் என்றால் ஒரு தேர்வுக்கு 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதிதான். ஆனால் அதற்கான சாதி அல்லது மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பதிவின்போதே இணையத்தில் ஏற்ற வேண்டும். பணம் கட்டிய பிறகு சலுகை கேட்டு அலைந்து பயனில்லை.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். என்பிடெலில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வில் 70 எடுத்தாலும் அசைன்மென்டில் 9 என்றால் சான்றிதழ் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டுகள் கணக்கில் வரும். முதல் மாதத்தைத் தூங்கிக் கழித்தால் பிறகு ஒன்றைக்கூட விட முடியாது. ஸ்வயமில் இருப்பதெல்லாம் என்பிடெல் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். கலை, வணிகவியல் பாடங்கள் பலவற்றுக்கு என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) தேர்வு நடத்துகிறது. அங்கே கட்டணமும் கணக்கும் வேறு.

கடைசி செமஸ்டரில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்த பிறகும் ஸ்வயம் முடிவு வராமல் இருக்கலாம். அந்த ஒரு பாடத்தால் மார்க் ஷீட் நிற்கும், வேலையில் சேரும் தேதி யாருக்காகவும் நிற்காது. ஐந்தாவது செமஸ்டருக்குள் முடித்துவிடுவது நல்லது.

பதிவு செய்யும்போது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே போடுங்கள், இனிஷியல் உட்பட. சான்றிதழில் ஒரு மாதிரி, கல்லூரிப் பதிவேட்டில் ஒரு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இன்னொரு கடிதம், இன்னொரு கையெழுத்து, இன்னொரு வாரம். சான்றிதழை ஒப்படைக்கும்போது நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "ஃபைலில் போட்டாச்சு" என்பது ரசீது ஆகாது.