சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கும் முன்: கடைசி முப்பது கிலோமீட்டரில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கோவாவில் அயர்ன்மேன் 70.3 போட்டியை, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானை, முடித்துவிட்டு வந்த மாணவர் ஒருவர், தன் சைக்கிள் கம்ப்யூட்டரில், அதாவது சைக்கிளின் முன்பக்கத்தில் மாட்டும் சிறு திரைக் கருவியில், பதிவானதை எனக்கு அனுப்பியிருந்தார். நாற்பத்து மூன்று வயது, வங்கி வேலை. ஒன்பது மாதமும் ஒரு வாரம்கூடத் தவறாமல் பயிற்சிக்கு வந்தவர். 1.9 கிலோமீட்டர் நீச்சலை நிதானமாக முடித்தார். 90 கிலோமீட்டர் சைக்கிளையும் நினைத்த நேரத்துக்குள் முடித்தார். அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரிலேயே நடக்க ஆரம்பித்து, கோடு வரை நடந்தேதான் போயிருக்கிறார். "கால் நின்னுடுச்சு கோச், வெயில்தான்" என்றார்.

பதிவைத் திறந்து பார்த்தேன். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன்பே காரியம் கெட்டிருந்தது. அவர் திரையில் பெரிய எழுத்தில் இருந்தது சராசரி வேகம். எதிர்காற்று வந்த இடத்தில் எல்லாம் அந்தச் சராசரி இறங்கியிருக்கிறது, அதைத் தூக்கி நிறுத்த இவர் மிதித்திருக்கிறார். அவருடைய எஃப்.டி.பி., அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பு, 200 வாட். அந்தப் போட்டிக்கு நாங்கள் பேசிவைத்தது 150 முதல் 160. எதிர்காற்றில் அவர் 190, 200 என்று ஓட்டியிருக்கிறார். சைக்கிளில் பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் உணரி, இருந்தது, அது சரியாகவே காட்டியது. ஆனால் வாட் எண் திரையின் இரண்டாவது பக்கத்தில் இருந்தது, போட்டி முழுக்க அவர் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை.

கடையில் இருந்ததிலேயே விலை கூடிய கருவி அது. அதை வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றிலிருந்து, "எந்த மாடல் வாங்கலாம்?" என்று யார் வந்து நின்றாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

வேகம் ஏன் ஏமாற்றுகிறது என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மார்கழியில் விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். வாடைக்காற்று முதுகில் தள்ளும், 34, 35 என்று வேகம் காட்டும், நாம் பெரிய ஆள் ஆகிவிட்டதாகத் தோன்றும். திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் அதே காற்று முகத்தில் அடிக்கும், 26-க்கே மூச்சு வாங்கும். கணக்குப் போட்டால் புரியும். காற்றே இல்லாதபோது 30-ல் போகிறீர்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்று வந்த பிறகும் அதே 30-ஐப் பிடித்துவைக்க நினைத்தால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 1.8 மடங்கு சக்தி வேண்டும். காலில் அவ்வளவு இருப்பு யாருக்கும் கிடையாது. அந்தக் கடனை ஓட்டத்தில் அடைக்க வேண்டியிருக்கும்.

அதனால் சொல்கிறேன், முதல் பணத்தைத் திரைக்குக் கொடுக்காதீர்கள். திரை ஒரு ஜன்னல் மாதிரி, உள்ளே வரும் எண்கள் உணரிகளிலிருந்து வருகின்றன. மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டையை முதலில் வாங்குங்கள். கைக்கடிகாரம் மணிக்கட்டில் ஒளி பாய்ச்சித் துடிப்பை எடுக்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது அது தடுமாறுவதை நிறையப் பதிவுகளில் பார்த்திருக்கிறேன். மார்புப் பட்டை சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் ஆறு மாதத்துக்கு அதுவும், மிதிக்கும் சுழற்சியை எண்ணும் ஒரு கேடன்ஸ் உணரியும் போதும்.

ஆனால் இதயத் துடிப்பை மட்டும் நம்பிப் போட்டி ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊர் வெயிலில் அது இன்னும் பெரிதாகிறது. துடிப்பு எப்போதும் பின்தங்கியே வரும். மேம்பாலத்தில் அழுத்தி மிதித்தால், உச்சிக்கு வந்த பிறகுதான் எண் ஏறும். அதோடு, உடம்பு சூடாகி நீர் குறையக் குறைய, அதே உழைப்புக்கே துடிப்பு ஏறிக்கொண்டே போகும். சித்திரை மாதம் இரண்டு மணி நேரம் சீராக ஓட்டவிட்டால், வாட் மாறாமல் இருக்கும்போதே துடிப்பு பத்துப் பதினைந்து கூடியிருப்பதை என்னிடம் பயிலும் பலரிடம் பார்க்கிறேன். அந்த ஏற்றமும் ஒரு நல்ல தகவல்தான். தண்ணீர் போதவில்லை, உடம்பு குளிரவில்லை என்று அது சொல்கிறது. வாட்டையும் துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது புரியும்.

எனவே அடுத்த செலவு பவர் மீட்டர். அதன் விலை பல்லாயிரம் போகும் என்பது தெரியும், அதனால் எல்லாரையும் வாங்கச் சொல்வதில்லை. 70.3 அல்லது அதற்கு மேல் போகிறவர்களிடம் மட்டும் வற்புறுத்துவேன். ஒரு பக்கக் காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுவது மலிவு, பெரும்பாலோருக்கு அதுவே போதும். ரோடு சைக்கிள் ஒன்று, டிரையத்லான் சைக்கிள் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்களுக்குப் பெடலிலேயே அளவி இருக்கும் வகை வசதி, கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

இனி திரை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் நாற்பதைத் தாண்டியவர்கள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாது, ஓட்டும்போது யாரும் படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை. கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பாகத் தெரியும் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு வெளியே எடுத்து வாருங்கள். பதினோரு மணி வெயிலில், நீங்கள் வழக்கமாகப் போடும் குளிர்கண்ணாடியோடு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மூன்று எண்கள் சட்டென்று தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம், எத்தனை நட்சத்திர மதிப்பீடு வாங்கியிருந்தாலும்.

பொத்தானா, தொடுதிரையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பொத்தான். நம் கடலோர ஈரப்பதத்தில் முன்னங்கையிலிருந்தும் நெற்றியிலிருந்தும் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். ஈரத் திரை விரலுக்குப் பணியாது, சில நேரம் சொட்டு விழுந்தே பக்கம் மாறும். கார்மின் எட்ஜ் 540 பொத்தான் மட்டும் கொண்டது, 840-ல் இரண்டும் உண்டு. வாஹூவின் போல்ட்டும் பொத்தான்தான். தொடுதிரை மட்டுமே உள்ள ஒன்றை ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், போட்டியின்போது திரையைப் பூட்டிவைக்கப் பழகுங்கள்.

உணரிகளோடு பேச இரண்டு வழிகள் உண்டு, ஆன்ட் பிளஸ், ப்ளூடூத். கருவியில் இரண்டும் இருக்கட்டும். ஆன்ட் பிளஸ்ஸில் ஒரே மார்புப் பட்டையைக் கடிகாரம், சைக்கிள் கம்ப்யூட்டர், இன்னும் எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் கேட்கலாம். ப்ளூடூத்தில் பல உணரிகள் ஒன்றிரண்டு கருவிகளோடு நிறுத்திக்கொள்ளும். டிரையத்லானில் கையில் ஒன்று, சைக்கிளில் ஒன்று என்று இரண்டு திரைகள் இருக்கும் என்பதால் இது முக்கியம். ஐஜிபிஸ்போர்ட், பிரைட்டன் போன்ற விலை குறைந்த கருவிகளிலும் இரண்டும் இருக்கிற மாடல்கள் கிடைக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் அவற்றைச் சொல்கிறேன்.

மின்கலம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இன்றைய கருவிகள் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வரைபடமும் சமவெளியில் தெரிந்த சாலையில் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை. கோவை, சேலம் பக்கத்து ஆட்களுக்குக் கதை வேறு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏறும்போது, இன்னும் எவ்வளவு ஏற்றம் மீதி என்று காட்டும் கருவி உண்மையிலேயே உதவும். ஏறும்போது திரை காட்டும் உயரமும் சரிவும் கருவிக்குள் இருக்கும் காற்றழுத்த அளவியை நம்பி ஓடுகின்றன. கீழ்ப்பக்கத்தில் அதற்கான சிறு துளை இருக்கும். வியர்வை உப்பு அதை அடைத்துவிட்டால் சமதளத்தில் மலை ஏறுவதாகக் காட்டும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி உலரவிட்டால் போதும்.

"கடிகாரம் ஏற்கனவே இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஸ்பிரின்ட் தூரத்துக்கு, அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, தாராளமாகப் போதும். நீச்சல் முதல் ஓட்டம் வரை மாறும் இடங்களையும் சேர்த்து ஒரே பதிவாக வைத்துக்கொள்ள எந்தத் தூரத்திலும் கடிகாரம்தான் வேண்டும். ஆனால் ஏரோ பாரில், அதாவது கைப்பிடியிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் கம்பிகளில், முழங்கையை ஊன்றிக் குனிந்திருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது, சைக்கிளைக் கோணலாக்கும் வேலை. கையை எடுக்காமல், கண்ணை மட்டும் தாழ்த்தினால் தெரிகிற இடத்தில், இரண்டு நீட்டுக் கம்பிகளுக்கு நடுவில் திரை இருக்க வேண்டும். புதுக் கருவிக்குப் பணம் இல்லையென்றால் கடிகாரத்தையே ஒரு பட்டையில் அங்கே கட்டிவிட்டு, ஓட்டத்துக்கு இறங்கும்போது எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணைத் தாழ்த்துவது என்றேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், கிட்டத்தட்ட 17 மீட்டரைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். நம் சாலையில் 17 மீட்டருக்குள் ஒரு நாய் குறுக்கே வரும், வண்ணம் பூசாத வேகத்தடை வரும், எதிர்த்திசையில் ஒரு பைக் வரும். என் குழுவில் ஒருவர் பக்கம் மாற்றப் பொத்தானைத் தேடிக்கொண்டே போய், ஓரமாக நின்ற லாரியின் பின்பக்கத்தில் மோதினார். காறை எலும்பு முறிந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தார். தலைக்கவசம் இருந்ததால் அவ்வளவோடு போயிற்று. அன்று முதல் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சாலையில் ஓட்டும்போது ஒரே பக்கம், அதில் அதிகபட்சம் நான்கு எண்கள். அமைப்புகளை மாற்ற வேண்டுமென்றால் நிறுத்தி, காலை ஊன்றி மாற்ற வேண்டும். தண்ணீர் குடிக்க 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒலி எழுப்பும்படி வைத்துவிடுவோம். காதால் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கண்ணுக்குக் கொடுப்பதில்லை.

பின்னால் வரும் வண்டியைக் கண்டு திரையில் புள்ளியாகக் காட்டும் ரேடார் விளக்கும் இப்போது கிடைக்கிறது. கார்மின் வேரியா 140 மீட்டர் தூரத்திலிருந்தே எச்சரிக்கும். ஊருக்குள் அது ஓயாமல் கத்தும். விடியற்காலை ஐந்து மணிக்குக் காலியான நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுகிறவருக்கு, குறிப்பாகத் தனியாக ஓட்டும் பெண்களுக்கு, விலை உயர்ந்த கருவியைவிட ஒரு படி குறைந்த கருவியும் இந்த விளக்கும் சேர்த்து வாங்குவதே மேல் என்பேன். விழுந்தால் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் வசதி, இருக்கும் இடத்தை வீட்டார் பார்க்கும் வசதி இரண்டுக்கும் கைப்பேசியும் அதில் இணையமும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பாரம் மிச்சம் என்று கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால் அவை வேலை செய்யாது.

போட்டிக்கு முன் செய்ய வேண்டிய சிலவற்றைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். உணரிகளை வீட்டிலேயே இணைத்து முடித்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் தேடினால் பக்கத்துக்காரரின் பவர் மீட்டர் உங்கள் திரையில் வந்து உட்காரும். முந்தின நாள் சைக்கிளை ஒப்படைக்கும்போது கருவியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், நிறைய மின்னேற்றி, காலையில் மாட்டுங்கள். மாட்டியதும் பவர் மீட்டரைச் சுழிப்படுத்துங்கள், அதாவது மிதிக்காதபோது பூஜ்ஜியம் காட்டும்படி சரிசெய்யுங்கள், இரவுக் குளிருக்கும் காலை வெயிலுக்கும் இடையில் அதன் அளவு நகர்ந்திருக்கலாம். நின்றால் தானாக நிற்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், போட்டிக் கடிகாரம் உங்களுக்காக நிற்காது.

அந்த வங்கி ஊழியர் அடுத்த ஆண்டும் கோவாவுக்குப் போனார். அதே கருவி, புதிதாக எதுவும் வாங்கவில்லை. திரையை ஒரே பக்கமாக்கினோம்: மூன்று விநாடிச் சராசரி வாட், இதயத் துடிப்பு, கடந்த தூரம். வேகத்தை எடுத்துவிட்டோம். "அது இல்லாம எப்படி சார் ஓட்டுறது?" என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். சைக்கிளில் முந்தைய ஆண்டைவிட ஆறு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் மட்டும் நடந்தார்.