சோழகம் கீறிய கோடு

பரந்தனிலிருந்து தரம் 10 மாணவி ஒருத்தி கேட்டு எழுதியிருக்கிறாள்: "சேர், சென்னையில வெளிக்கிட்டுப் பலாலிக்கு வாற பிளேன் இடம் மாறி இரணைமடுவில இறங்குமா? இவ்வளவு மேப் வைச்சுக்கொண்டு எப்பிடி ஊர் மாறி இறங்கினம்?" (பலாலி யாழ்ப்பாணத்து விமான நிலையம். கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுவிலும் ஓர் ஓடுபாதை இருக்கிறது.) எங்கோ விமானம் ஒன்று வேறு ஊரில் இறங்கிய கதையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வீட்டில் வாக்குவாதமாம். அப்பா நேரம் சரியில்லை என்றாராம். அண்ணன் விமானி வெறியில் இருந்திருப்பார் என்றானாம்.

இரண்டும் இல்லை, பிள்ளை. காரணத்தில் பாதி உங்கள் வயலில் வீசும் காற்றிலேயே இருக்கிறது. அதற்கு வருமுன் வேறொரு வகைத் தவறை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம்.

அது எழுத்துப் பிழையால் வருவது. 2019 மார்ச் 25 அன்று லண்டனிலிருந்து ஜேர்மனியின் டுசெல்டோர்ஃப் போகவேண்டிய பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானம் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இறங்கியது. விமானி வழி தவறவில்லை. அவர் கையில் கிடைத்த பறப்புத் திட்டத்திலேயே எடின்பரோ என்றுதான் இருந்தது. சொன்ன ஊருக்கு ஒழுங்காகப் போனார், பாவம். 2015 மார்ச் 10 அன்று நடந்தது இன்னும் விசேஷம். சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எயார் ஏசியா எக்ஸ் விமானம் மெல்பேர்ணில் போய் இறங்கியது. புறப்படுமுன் விமானம் நிற்கும் இடத்தைக் கணினிக்குக் கொடுக்கும்போது 151 பாகை 9.8 கலை கிழக்கு என்பதற்குப் பதில் 15 பாகை 19.8 கலை என்று பதிவாகிவிட்டது. ஒரே ஓர் இலக்கம் இடம் மாறியதில் 11,000 கிலோமீற்றருக்கு மேல் பிசகு. சிட்னியில் நிற்கும் விமானம், தான் ஆபிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலில் நிற்பதாக நினைத்துக்கொண்டது. மேலே போனதும் கருவிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. திரும்பி வரலாமென்றால் சிட்னியில் வானிலை கெட்டுவிட்டது. வானம் தெளிந்திருந்த மெல்பேர்ணில் இறக்கினார்கள்.

இவை விளங்கக்கூடியவை. விளங்காதது, விமானி கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த ஊர் ஓடுபாதையில் இறக்குவதுதான். நான் ஆசையோடு பேசவந்ததும் அதைப் பற்றித்தான்.

தை மாதம் நீங்கள் பட்டம் ஏற்றியிருப்பீர்கள். பின்னேரம் வயல்வெளியில் நின்று, விண் பூட்டிய பட்டத்தை வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றில், விட்டால் அது எந்தப் பக்கம் போகிறது? தென்மேற்குப் பக்கம். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே, நூலுக்கு நேர் கீழே, நிலத்தில் ஒரு கோடு கீறுங்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு ஓடும் அந்தக் கோடுதான் பலாலி ஓடுபாதை. ஆடி மாதம் சோழகத்தில் விட்டால் பட்டம் எதிர்ப்பக்கம் போகும். ஆனால் கோடு அதே கோடு.

(சரியாகச் சொன்னால் சோழகம் தெற்குக் காற்று, கச்சான் மேற்குக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று இரண்டுக்கும் இடையில் வருவது. பேச்சில் சோழகம் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். கச்சான் என்றதும் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கும் கச்சான் நினைவுக்கு வந்தால் பிழையில்லை, எனக்கும் அதுதான் முதலில் வரும்.)

ஏன் காற்றின் வழியில் ஓடுபாதை? விமானத்தைத் தூக்கி வைத்திருப்பது சிறகைக் கடந்து ஓடும் வளி. சிறகுக்கு நிலம் தெரியாது, வளி எவ்வளவு வேகமாகத் தன்னைக் கடக்கிறது என்பது மட்டுமே தெரியும். பலாலிக்கு வரும் சிறிய விமானம் ஒன்றுக்கு இறங்கும்போது வளி மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 30 கிலோமீற்றர் என்றால் நிலத்தைத் தொடும்போது வேகம் 170 போதும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 230 வேண்டும். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று படித்திருப்பீர்கள். 230ஐயும் 170ஐயும் வர்க்கித்துப் பாருங்கள், பிறேக் விழுங்கவேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். சூட்டுக் களத்தில் நெல்லுத் தூற்றுபவர் காற்று வாகு பார்த்துத்தான் சுளகைத் தூக்குவார். விமானியும் அப்படித்தான் இறங்குகிறார்.

பளையில் ஏ9 வீதியால் போகும்போது தெரிகிற காற்றாலைகளுக்கு ஒரு வசதி, காற்று திரும்பினால் அவையும் தலையைத் திருப்பும். ஓடுபாதை திரும்பாது. ஆகவே அதைப் போடுமுன் காற்றைக் கணக்கெடுக்கவேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரைப்படி, ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதைகள் 95 வீத நேரமாவது பயன்படக்கூடிய திசையில் இருக்கவேண்டும், குறுக்குக் காற்று அதைக் கெடுக்கக்கூடாது. கணக்கு ஐந்து வருடத்துக்குக் குறையாத பதிவுகளிலிருந்து வரவேண்டும், நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது அளந்திருக்கவேண்டும். அந்த அளவுகளைத் திசைவாரியாக ஒரு வட்டத்தில் நீட்டி வரைந்தால் இதழ் விரித்த பூப்போல ஒரு படம் வரும். எங்கள் நாட்டில் பெரும்பாலும் அந்தப் பூவுக்கு இரண்டு பெரிய இதழ்கள்: ஒன்று வாடை, மற்றது சோழகம். இரண்டும் நேரெதிராக இருப்பதால் ஒரே ஓடுபாதை வருடம் முழுவதும் இரண்டு முனையாலும் உதவும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம். பருவக்காற்று திசை மாறும் என்று புத்தகத்தில் பாடமாக்கியது, பலாலியில் தாராகக் கிடக்கிறது.

இடையில் ஒரு புறுபுறுப்பு. ஐந்து வருடம், நாளுக்கு எட்டுத் தடவை, ஒருவர் காற்றைப் பார்த்து எழுதுகிறார் என்றால் அது சலிப்பான வேலை. அதற்கு யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ரொக்கெட் மாதிரி ஒன்று செய்து வாசலில் நிறுத்தக் காசு கிடைக்கும், காற்றுமானிக்கு பற்றறி மாற்றக் காசு கிடைக்காது. என்னைக் கேட்டால் முதலில் காற்றுமானி.

இனி எண்கள். ஓடுபாதையின் முனையில் பெரிதாக எழுதியிருக்கும் எண், அந்த முனையால் இறங்கும் விமானம் எந்தத் திசையை நோக்கும் என்பதைச் சொல்வது. காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகையை அளந்து, பத்தால் வகுத்து, முழு எண்ணாக்கினால் முடிந்தது. பலாலி 05/23. ஒரு முனையால் வந்தால் சுமார் 50 பாகை, மறு முனையால் வந்தால் 230. கட்டுநாயக்க 04/22. இரத்மலானை? அதுவும் 04/22! கொழும்புக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, ஆனால் எழுதிய எண் ஒன்றுதான். தற்செயல் இல்லை. இரண்டின் மேலும் வீசும் காற்று ஒன்று.

காந்த வடக்கு மெல்ல நகர்வதால் இந்த எண்களும் சில இடங்களில் மாறும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட்டில் 2009இல் 05/23ஐ அழித்து 04/22 என்று எழுதினார்கள். ஓடுபாதை அசையவில்லை, வடக்குத்தான் அசைந்தது. கைப்பேசித் திசைகாட்டியைக் கம்பி கட்டிய கொங்கிறீற்றுத் தூணுக்குப் பக்கத்தில் பிடித்து, வாசல் மூன்று பாகை பிசகிவிட்டது, குடும்பத்துக்கு ஆகாது என்று நிலையைக் கழற்றச் சொல்லும் நிலையம் பார்ப்பவர்களுக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்லுங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் காற்று ஒன்றாகவே வீசும். ஆகவே ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடக்கும். பத்து இருபது பாகை வித்தியாசம் காற்றுக்கு ஒரு பொருட்டில்லை: 40 கிலோமீற்றர் காற்று 20 பாகை சரிவாக வந்தாலும் குறுக்கே தள்ளுவது 14 அளவுதான், எதிரே 38 அளவு அப்படியே கிடைக்கும். காற்றுக்கு நல்லதே கண்ணுக்குப் பொல்லாதது. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு அவை இரட்டைப் பிள்ளைகள்.

அமெரிக்காவின் பிரான்சன் நகர விமான நிலையத்தின் ஓடுபாதை 14/32, அதற்கு அருகிலுள்ள சிறிய விமான நிலையத்தினுடையது 12/30. 2014 ஜனவரி 12 இரவு சௌத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 124 பயணிகளோடு பெரியதுக்குப் பதில் சிறியதில் இறங்கியது. எதிர்பார்த்த நீளம் சுமார் 2,175 மீற்றர், கிடைத்தது சுமார் 1,140. பிறேக் அழுத்திய அழுத்தில் பயணிகள் முன்னால் சரிந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, 2013 நவம்பரில், விசிட்டா நகரில் 19ஆம் எண் ஓடுபாதைக்குப் போன ராட்சத சரக்கு விமானம் பக்கத்து விமான நிலையத்தின் 18இல் இறங்கியது. 2016 ஜூலை 7 அன்று ராபிட் சிட்டியின் 14இல் இறங்கவேண்டிய டெல்டா விமானம் எல்ஸ்வேத் விமானப்படைத் தளத்தின் 13இல் இறங்கியது. அங்கே இதேபோல இன்னொன்று இருக்கிறது, கவனம் என்று கட்டுப்பாட்டாளர் முன்கூட்டியே சொல்லியும் இறங்கியது. (13 என்றதும் "பாத்தியா, ராசியில்லாத நம்பர்" என்பவர்களுக்கு: அந்த 13 என்பது 130 பாகை. காற்றைப் போய்க் கேளுங்கள்.) பம்பாயில் சாந்தாகுரூஸ் 09/27, ஜூஹு 08/26. 1953இல் ஒரு பிரிட்டிஷ் கொமெட் ஜெட், 1972இல் ஒரு ஜப்பான் டிசி-8, இரண்டும் சாந்தாகுரூஸ் என்று நினைத்துச் சின்னஞ்சிறு ஜூஹுவில் இறங்கின.

மேப் இல்லையா என்று கேட்டாள் பிள்ளை. இருக்கிறது, திரை நிறைய இருக்கிறது. ஆனால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் விமானி "ஓடுபாதை தெரிகிறது" என்று சொன்னதும் கட்டுப்பாட்டாளர் "சரி, பார்த்து இறங்கு" என்பார். அதன்பின் கண் திரையை விட்டு வெளியே போய்விடும். வேலை அதிகமான அந்தக் கடைசி நிமிடங்களில் மூளை புதிதாகத் தேடாது, எதிர்பார்த்ததைக் கண்டதும் சம்மதித்துவிடும்.

எனக்கு இது பழக்கமான விசயம். சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தேன். கிளிநொச்சியில் இறங்கவேண்டும். நித்திரைத் தூக்கத்தில் கண்ணை முழித்தால் வெளிச்சம், சந்தி, பூட்டிய கடைகள். வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன். பஸ் போனபிறகு பார்த்தால் மாங்குளம். கிளிநொச்சி வீதியோரம் அப்போது விழுந்து கிடந்த அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கியைத் தேடவேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை. கையிலே கைப்பேசி, அதற்குள் மேப். விடியும்வரை மாங்குளம் சந்தியில் நுளம்புக்குச் சாப்பாடு போட்டேன்.

கவனியுங்கள், நான் பரந்தனில் போய் இறங்கவில்லை. வழியில் முதலில் வந்த ஊரில் இறங்கினேன். அந்த அமெரிக்க விமானங்கள் மூன்றும் அப்படியே: பிழையான ஓடுபாதை சரியானதற்கு முன்னால், வரும் வழியிலேயே கிடந்தது. எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த மாதிரி ஒன்று முதலில் தட்டுப்பட்டால் அதையும் தாண்டிப் பார்க்க மனம் வராது.

இதற்கு லண்டனில் ஒரு அருமையான வைத்தியம் செய்தார்கள். 1960 ஒக்டோபர் 25 அன்று ஹீத்ரோவுக்கு வந்த பான் ஆம் போயிங் 707 ஒன்று, பக்கத்து நோர்தோல்ட் விமானப்படைத் தளத்தில் இறங்கிவிட்டது. அந்த வழியில் இரண்டு பெரிய எரிவாயுத் தாங்கிகள் நின்றன, சவுத்ஹோலில் ஒன்று, ஹரோவில் ஒன்று. இரண்டும் விமானிகளுக்கு அடையாளம், ஆனால் எது எதுவென்று குழப்பம். சவுத்ஹோல் தாங்கியில் லண்டன் ஹீத்ரோ என்பதற்கு எல், எச் என்ற இரண்டு எழுத்துகளையும் ஓர் அம்புக்குறியையும் பிரமாண்டமாக எழுதினார்கள். ஹரோவில் நோர்தோல்ட் என்பதற்கு என், ஓ. அதைச் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் "நோ"! இங்கே வேண்டாம், அங்கே போ. கணினி இல்லை, செய்மதி இல்லை, ஒரு வாளி பெயின்ற். இப்போது அந்தத் தாங்கிகள் இல்லை. ஹரோவில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அங்கத்தைய பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்க்கச் சொல்லலாம், ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சரி, இரணைமடு. சென்னை விமானம் வடக்கே கடலைத் தாண்டி வருகிறது. அதற்கு முதலில் தட்டுப்படுவது பலாலிதான், இரணைமடு பின்னால், குடாநாட்டையும் கடனீரேரியையும் தாண்டி வன்னிக்குள் கிடக்கிறது. சோழகத்தில் 23ஆல் இறங்கும்போது விமானம் வடகிழக்குப் பக்கத்தால் வரும், வாடையில் 05ஆல் என்றால் தென்மேற்குப் பக்கத்தால். இரண்டு வழியிலும் வன்னி குறுக்கே இல்லை. தவறி இறங்குவதென்றால் சரியான இடத்தைக் கடந்து மெனக்கெட்டுத் தெற்கே வரவேண்டும். இவ்வளவு தூரம் மெனக்கெட்டுத் தவறுகிறவர்கள் குறைவு. தெற்கேயிருந்து பலாலிக்கு வரும் விமானத்துக்கென்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன், வவுனியாவும் இரணைமடுவும் அதன் வழிப்பக்கம் வரும்.

அடுத்த தையில் பட்டம் ஏற்றும்போது அண்ணனை நூலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீ கைப்பேசித் திசைகாட்டியோடு அவன் பின்னால் நின்று பட்டத்தை நேராகப் பார். தூணும் மோட்டார்சைக்கிளும் பக்கத்தில் இருக்கக்கூடாது. என்ன பாகை காட்டுகிறது என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து எனக்கு அனுப்பு. 230க்கு எவ்வளவு கிட்ட வருகிறதென்று பார்ப்போம்.